ரெட்வர்ஸ் டோசரின் பலகை

வென்காட் பண்ணை வீட்டில் மாட்டுக்குக் கதவு நான்கடி அகலம். மனிதருக்கு இருபத்திரண்டு அங்குலம்.

முன்வாசலில் நுழைந்தால், வீட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பின்வாசல்வரை கல் பாவிய நடை ஒன்று போகும். நடைக்கு இடப்புறம் மாட்டுக்கொட்டில். வலப்புறம் டோசர் குடும்பம் புழங்கும் கூடம். இரண்டுக்கும் மேலே ஒரே கோதுமைத்தாள் கூரை, சுற்றிலும் மூன்றடிக் கனத்தில் ஒரே மண்சுவர். அந்தக் காலத்தில் மாடும் மனிதரும் ஒரே வாசலில்தான் நுழைந்தார்கள். மாடு தலை நிமிர்ந்தபடி இடப்புறம் திரும்பிப் போகும். மனிதர் வலப்புறம் திரும்பி, தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி, கருவாலிப் பலகைத் தடுப்பில் விட்டிருக்கும் சின்ன வாசல் வழியாகப் புகவேண்டும். வீட்டைக் கட்டியவனுக்கு யார்மேல் மரியாதை அதிகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரெட்வர்ஸ் டோசர் அறுபத்தெட்டு வருஷமாக அந்த வாசலில் குனிந்து நுழைந்தவர். கூடத்துக்கு அப்பால் இருக்கிற உள்ளறையில்தான் பிறந்தார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற டெவனை விட்டு வெளியே போனது இரண்டே தடவை, இரண்டும் ஆட்டுக்கிடா வாங்க, இரண்டு தடவையும் மழை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நான்கு வயது மூத்த அக்கா தெர்சாவும் பண்ணிக்கொள்ளவில்லை. தெர்சாவைப் பார்க்க ஒரு தீவன வியாபாரி மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஆறடி நாலங்குல உயரம். மூன்று ஞாயிறும் அந்த வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டார். நாலாவது ஞாயிறு ஆளைக் காணோம். "குனியத் தெரியாத ஆம்பளை இந்த வீட்டுக்கு எதுக்கு?" என்று தெர்சா கேட்டதோடு அந்தக் காதல் முடிந்தது.

அக்காவும் தம்பியும் அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே நன்றாக வாழ்ந்தார்கள். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டார், அக்கா பால் மாடுகளையும் தம்பியையும் பார்த்துக்கொண்டார். 1987 செப்டம்பரில், மழையில் வழுக்கிய நடையில், பால்வாளியோடு தெர்சா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. இனி நாற்காலியில்தான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

அங்கிருந்து ஒரு பெண் அளவு நாடாவோடு வந்தாள். பலகைத் தடுப்பின் வாசலை அளந்தாள். திரும்பவும் அளந்தாள்.

"மிஸ்டர் டோசர், சக்கர நாற்காலி இருபத்தஞ்சரை அங்குலம். இது இருபத்திரண்டு."

"எங்க அக்கா ஒல்லிதாம்மா."

"நாற்காலி ஒல்லி இல்லையே."

கூடத்துக்குள் நாற்காலி போகவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்றாள். அக்டோபர் கடைசிக்குள் ஏதாவது ஏற்பாடு செய்யவேண்டும். இல்லையென்றால் கடலோரத்து முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகிறது. அது எப்படிக் காலியாகிறது என்று ரெட்வர்ஸ் கேட்கவில்லை.

மறுநாள் பேருந்து பிடித்துப் போய் அக்காவிடம் சொன்னார்.

"கடலா?" என்றார் தெர்சா. "அது ஒரு பக்கம் வேலியே இல்லாத வயல் மாதிரி. அதை எவ்வளவு நேரம் பார்க்கிறது?"

"கொட்டில் பக்கம் கட்டில் போட்டுடட்டுமா அக்கா? அங்க கதவு பெருசு. மாடுங்க புதுக் கொட்டகைக்குப் போனதுலருந்து காலியாத்தான் கிடக்கு."

"போடு. காலையில நாலு மணிக்கு வந்து கறந்துட்டுப் போ."

பக்கத்துக் கட்டில் அம்மாள் சிரித்துவிட்டு இருமினார். ரெட்வர்ஸ் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த வாசலை அறுத்துப் பெருசாக்கிடலாம்தான்," என்றார். "ஆனா வீடு அரசாங்கத்தோட பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கு. கை வச்சா வழக்குப் போடுவாங்க."

"வழக்கு கிடக்கட்டும்," என்றார் தெர்சா. குரல் இறங்கிவிட்டது. "அந்தத் தடுப்புல கட்டின தேதி செதுக்கியிருக்குடா. நானூறு வருஷமா நம்ம ஆளுங்க நுழைஞ்ச வாசல். எனக்காக அதுல ரம்பம் வைக்காதே. நான் கடலுக்கே போயிக்கிறேன்."

ரெட்வர்ஸ் வந்த பேருந்திலேயே திரும்பினார். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் கண்ணில் படவில்லை. ஏனென்றால் அந்தத் தேதியைப் போட்டது அவர்தான்.

குறும்பில் இரண்டு ரகம் உண்டு. அன்றைக்கே மாட்டிக்கொள்வது ஒன்று. அடி விழும், அழுகை வரும், அத்தோடு தீர்ந்தது. மாட்டிக்கொள்ளாதது இன்னொன்று. அது உட்கார்ந்து சாப்பிட்டு வளரும்.

1933-இல் ரெட்வர்ஸுக்குப் பதினாலு வயது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் லஸ்கம் குடும்பம். அவர்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே உத்தரத்தில் 1602 என்று வீடு கட்டிய வருஷம் செதுக்கியிருக்கும். அந்த வீட்டுப் பையன் ஹெட்லி, பள்ளிக்கூட பெஞ்சில் ரெட்வர்ஸுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்து, வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வான்: "எங்க வீட்டுக்குத் தேதி இருக்கு. உங்க வீட்டுக்கு மாடுதான் இருக்கு." ஊர்ப் பாதிரியார் பிரிம்லிக்குப் பழைய வீடுகள் என்றால் உயிர். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேநீர் குடிப்பார். வென்காட்டிலும் குடித்தார், பாலாடை தடவிய ரொட்டி ஆறு தின்றார். போகும்போது ரெட்வர்ஸின் அப்பாவிடம், "சுமாரான வீடுதான் டோசர். ஒரு தேதி கீதி இருந்தா ஏதாவது சொல்லலாம்," என்றார். அப்பா தொப்பியைக் கழற்றி, "ஆமாங்க ஐயா," என்றார். தன் வீட்டைப் பற்றித் தன் வீட்டு வாசலிலேயே நின்று, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

அடுத்த மூன்று ஞாயிறும் ரெட்வர்ஸுக்குப் பல்வலி. வீடே தேவாலயத்துக்குப் போய்விடும். பாதிரியார் மேடையிலிருந்து அவன் பல்லுக்காக ஜெபம் பண்ணினார். அந்த நேரத்தில் பேனாக்கத்தி, கணப்புக் கரி, கறுப்பு பூட்ஸ் பாலிஷ் ஆகியவற்றின் உதவியோடு தடுப்பில், வாசலுக்கு அடுத்த பலகையில் 1571 முளைத்தது. லஸ்கம் வீட்டைவிட முப்பத்தொரு வருஷம் கூட. நூறு வருஷம் கூட்டிப் போட்டிருக்கலாம், பேராசைப்படவில்லை.

பாதிரியார் மறுபடி தேநீருக்கு வந்தபோது விளக்கை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்தது மட்டும்தான் ரெட்வர்ஸ் செய்த உதவி. மீதியைப் பாதிரியாரே செய்தார். மண்டியிட்டார். பூதக்கண்ணாடியில் மூச்சுவிட்டுத் துடைத்தார். இத்தனை நாள் புகைக்கரி மறைத்திருந்தது என்று விளக்கமும் அவரே சொன்னார். மறுவாரம் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டி, சரியாக 1571-இல் ஒரு டோசருக்குக் கல்யாணம் நடந்திருப்பதைக் கண்டுபிடித்தார். கல்யாணத்துக்காகச் செய்த தடுப்பு என்று பத்திரிகையில் எழுதினார். ரெட்வர்ஸின் அப்பா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார். சந்தைக்குப் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். அதைப் பார்த்த பிறகு எவனால் வாயைத் திறக்க முடியும்?

அப்பா 1951-இல் போய்ச் சேர்ந்தார். குறும்பு போகவில்லை. 1971-இல் ஊரே கூடி வீட்டுக்கு நானூறாவது பிறந்தநாள் கொண்டாடியது. களஞ்சியத்தில் நூற்று நாற்பது பேர், பித்தளை வாத்தியக் கோஷ்டி, பன். ரெட்வர்ஸைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, "இந்தப் பலகையைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொன்னா இன்னிக்கு யாரும் வீட்டுக்குப் போகமுடியாது," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பலத்த கைதட்டல். அடக்கமான மனுஷன் என்று பேரும் கிடைத்தது. 1985-இல் அரசாங்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தான், இருபது நிமிஷம் இருந்தான், தேதியைக் குறித்துக்கொண்டான், வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் ஏற்றிவிட்டுப் போனான்.

இப்போது அந்தப் பல்வலி அக்காவைக் கடலோரத்துக்கு அனுப்பப்போகிறது.

விஷயம் கேள்விப்பட்டு ஹெட்லி லஸ்கம் வந்தார். அவருக்கும் இப்போது அறுபத்தெட்டு. கையில் இயந்திர ரம்பம்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சர்ச்சுல இருப்பாங்க," என்றார். "ரெண்டு நிமிஷ வேலை. வண்டு அரிச்சுக் கொட்டிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நேர்கோட்டுல அரிக்கிற வண்டாடா?"

"டெவன் வண்டுடா. ஒழுங்கா வேலை செய்யும்." ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, ஹெட்லி தடுப்பைப் பார்த்தார். "நானே இதைச் சொல்றேன் பாரு. அம்பது வருஷமா இந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். ஆனா தெர்சா இங்க இல்லாம நீ தனியா உக்காந்து பீன்ஸ் டப்பா திறந்து தின்னுறதைப் பார்க்கச் சகிக்கல."

ரெட்வர்ஸ் ரம்பத்தின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். அறுத்தால், உள்ளே நுழைகிற முதல் நாளே தெர்சா கண்ணில் படுவது அந்த வெட்டுக்காயமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாகும்வரை உட்கார்ந்திருப்பார். "எடுத்துட்டுப் போ ஹெட்லி," என்றார்.

அன்று மாலையே ஒரு முடிவுக்கு வந்தார். தேதிக்காகத்தானே பட்டியல்? தேதி பொய் என்று சொல்லிவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். தடுப்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் அக்காவும் அறுப்பதற்கு ஒத்துக்கொள்வார். பள்ளிக்கூடமே அதிகம் போகாத மூளைக்கு அது குறையில்லாத திட்டமாகத் தெரிந்தது.

மாவட்ட அலுவலகத்திலிருந்து பழைய கட்டடங்களுக்கான அதிகாரி மிஸ் ஹெல்யர் செவ்வாய்க்கிழமை வந்தாள். முப்பது வயதிருக்கும். மஞ்சள் ரப்பர் பூட்ஸ், தோளில் பை. யாரும் சொல்லாமலே அந்த வாசலில் குனிந்து நுழைந்தாள். ரெட்வர்ஸுக்கு அது ஒன்றே கொஞ்சம் தைரியம் கொடுத்தது. தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"அந்தத் தேதியைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க மிஸ்டர் டோசர்."

"அது நான் போட்டது."

"எது?"

"ஆயிரத்து ஐநூத்தி எழுபத்தொண்ணு. முப்பத்திமூணுல போட்டேன்."

மிஸ் ஹெல்யர் கோப்பையைக் கீழே வைத்தாள். பையிலிருந்து டார்ச் விளக்கை எடுத்து, பலகையை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தாள். எண்களின் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நின்றன.

"இது இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துல சொல்லித்தர ஏழு," என்றாள். "கறுப்பு எப்படி வந்தது? பூட்ஸ் பாலிஷா?"

"கொஞ்சம் கரியும் கலந்து."

"நல்லா வந்திருக்கு."

"நன்றிம்மா," என்று சொன்ன ரெட்வர்ஸின் காது சிவந்தது. பிறகு அவசரமாக, "அப்ப பொய்த் தேதிதானே? பட்டியல்லருந்து எடுத்துடுவீங்கதானே? நான் வாசலைப் பெருசா அறுத்துக்கலாமா?" என்றார்.

அவள் ஏணி கேட்டாள். உள்ளறைக்கு மேலே பரணில் ஏறி, அவரையும் ஏறச் சொல்லி, கூரையின் அடிப்பக்கம் வெளிச்சம் அடித்தாள். கோதுமைத்தாளின் உள்முகமும் அதைத் தாங்கும் கட்டைகளும் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்துப் பளபளத்தன.

"இந்தக் கரி எப்படி வந்ததுன்னு தெரியுமா?"

"எப்பவும் இருக்கு. அப்பா காலத்துலயும் இருந்துது."

"புகைபோக்கி இருக்கிற வீட்டுல கூரைக்குள்ள இவ்வளவு கரி படியாது. உங்க புகைபோக்கி அப்புறம் கட்டினது. அதுக்கு முன்னாடி கூடத்து நடுவுல தரையிலயே நெருப்பு மூட்டியிருக்காங்க. புகை மேல போயி, கூரை வழியா தானாக் கசிஞ்சு வெளிய போயிருக்கு." விளக்கைக் கீழே திருப்பினாள். பலகைத் தடுப்பின் தலைச்சட்டத்திலும் அதே கறுப்பு. "இந்தத் தடுப்பும் அந்தப் புகையில நின்னது. உங்க தேதியைவிட எழுபது, எண்பது வருஷமாவது பழசு. பட்டியல்லருந்து எடுக்கிறதா? அதுல இன்னும் மேல ஏத்தவேண்டிய வீடு இது." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வயசைக் குறைச்சுப் போட்டுட்டீங்க மிஸ்டர் டோசர்," என்றாள்.

ரெட்வர்ஸ் ஏணியின் நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து நாலு வருஷமாகக் கட்டிக் காத்த பொய்யை ஒரு பெண் ஐந்து நிமிஷத்தில் தட்டிவிட்டாள். அதற்குக் கீழே அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டிருந்தது.

"அப்ப அக்கா கடலுக்குத்தான்," என்றார்.

மிஸ் ஹெல்யருக்குப் புரியவில்லை. சொன்னார். இருபத்தஞ்சரை அங்குலம், மாதக் கடைசி, காலியாகும் கட்டில், எல்லாம் சொன்னார். சொல்லி முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பரணில் தூசி அதிகம் என்றார்.

அவர் இறங்கியதும் அவளும் இறங்கினாள். பையை மூடினாள். நிலையருகே போனவள் நின்றாள். மறுபடி அந்த எண்களைத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? நின்னுக்கிட்டுச் செதுக்கினா கத்தி சாயும். இது எல்லாம் மேலருந்து நேரா அழுத்தின வெட்டு. எப்படிச் செய்தீங்க?"

"படுக்கப் போட்டுத்தான் செதுக்கினேன். கொட்டில்ல, தீவனத் தொட்டி மேல வச்சு."

"எதை?"

"பலகையைத்தான். இங்க வச்சு செதுக்கினா சீவல் கிடக்கும்ல? அப்பா தோலை உரிச்சிருப்பாரே."

"பலகையை எப்படிக் கொட்டிலுக்குக் கொண்டு போனீங்க?"

"தூக்கிக்கிட்டுத்தான்," என்றார் ரெட்வர்ஸ். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இது ஏன் விளங்கவில்லை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மிஸ் ஹெல்யர் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "காட்டுங்க," என்றாள்.

அவர் மரச்சுத்தியலோடு மண்டியிட்டார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. அந்தத் தடுப்பு கனமான நிலைத்தூண்களும் நடுநடுவே மெல்லிய பலகைகளுமாக இருக்கும். தூணின் இரு பக்கமும் காடி வெட்டி, பலகையை அதில் செருகியிருப்பார்கள். ஓர் இரும்பு ஆணி கிடையாது. வாசலுக்குத் தூணாக நிற்பதன் அடியில் கட்டைவிரல் கனத்தில் ஒரு மர ஆணி உண்டு. அதைத் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். மெழுகு போட்டுப் போட்டு அது வீட்டோடு வீடாகியிருந்தது. கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து, துணியில் நனைத்து வைத்துக் காத்திருந்து தட்டினார். ஆணி நகர்ந்தது. தூணின் அடி இரண்டு விரல் அளவு விலகியது. பலகை காடியிலிருந்து கழன்று, சமர்த்தாக அவர் கையில் வந்து சாய்ந்தது.

"தூணும் வருமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மேல இன்னொரு ஆணி இருக்கு. பதினாலு வயசுல எனக்கு எட்டல."

இரண்டு பேருமாக அதையும் தட்டினார்கள். தூண் இறங்கி வந்தது. மிஸ் ஹெல்யர் தலைச்சட்டத்தின் இரு முனையும் மண்சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தாள். அது தன் பாட்டுக்குச் சுவர்மேல் படுத்திருந்தது, தூணை நம்பி இல்லை. பிறகு அளவு நாடாவை விரித்தாள்.

"நாற்பத்திரண்டு அங்குலம்."

"மாட்டுக் கதவுக்கு இன்னும் ஆறங்குலம்தான் பாக்கி," என்றார் ரெட்வர்ஸ்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அறுக்கத்தான் அனுமதி கிடையாது. கழட்டி வச்சுத் திரும்ப மாட்டுறதுக்கு நான் அனுமதி எழுதித் தரேன். ரெண்டும் இதே வீட்டுல, ஈரம் படாம இருக்கணும்." பேனாவை எடுத்தவள் தயங்கினாள். "தேதியை என்னன்னு எழுதட்டும்? எழுதாமலும் விடலாம்."

ரெட்வர்ஸ் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"உள்ளதை எழுதுங்க," என்றார்.

எழுதினால் ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம்? சனிக்கிழமை மதுக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஹெட்லி லஸ்கம் மேசையைத் தட்டினார்.

"அயோக்கியப் பயலே! எழுபத்தொண்ணுல உன் பலகைக்காக நான் மூணு பன் தின்னேன். அப்ப எங்க வீடுதான்டா பழசு!"

"உங்க வீட்டைவிட நூறு வருஷம் பழசாம்."

"யாரு சொன்னா?"

"கரி சொல்லுச்சு. வேணும்னா அந்தம்மாவை உங்க உத்தரத்தையும் பார்க்கச் சொல்றேன்."

ஹெட்லி ஒரு மடக்கு குடித்தார். யோசித்தார். "வேணாம்," என்றார். "எங்க தாத்தா கையும் சும்மா இருந்திருக்காது."

ஊர் அவ்வளவுதான். சிரித்தது, குடித்தது, மறுநாள் ஆட்டு விலை பேசப் போய்விட்டது. கஷ்டமானது ஊர் இல்லை. அதற்கு அடுத்த பேருந்தில் போய்ச் சொல்லவேண்டிய ஆள்.

தெர்சா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். வாசல் நாற்பத்திரண்டு அங்குலம் ஆனதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. எப்படி ஆனது என்று சொன்னபோது மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோனது.

"அந்தப் பல்வலி?"

"அதுவும் பொய்தான் அக்கா."

"ராத்திரி முழுக்கக் கிராம்பு அரைச்சு உன் வாயில வச்சேனேடா!"

"எரிஞ்சுது," என்றார் ரெட்வர்ஸ்.

"சனிக்கிழமை தவறாம மெழுகு போட்டுத் தேய்ச்சேன். அம்பத்து நாலு வருஷம். பாட்டன் முப்பாட்டன் கை பட்ட இடம்னு, அந்த நம்பர் மேல மட்டும் துணியால தேய்க்காம விரலால தேய்ச்சேன்." விரலைத் தூக்கிக் காட்டினார். "உன் பேனாக்கத்தியைத் தேய்ச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் ரெட்வர்ஸ் போனபோது, அந்த ஆள் யாரென்று தெரியாது என்று நர்ஸிடம் சொன்னார். அதற்கு மறுநாளும் தெரியவில்லை. பதினோரு நாள் தெரியவில்லை. அனுமதிக் கடிதம் வந்தது. கழற்றிய இரண்டு உறுப்பையும் "தேவை இருக்கும் காலம்வரை" வெளியே வைக்கலாம் என்று போட்டிருந்தது. அந்தத் தேவை எப்போது தீரும் என்று ரெட்வர்ஸ் யோசித்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். அளவு நாடாப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வாசல் சரியாயிடுச்சு மிஸ்டர் டோசர், ஆனா உங்க அக்கா கையெழுத்துப் போடமாட்டேங்கிறாங்க. கடலுக்கே போறேன்றாங்க. ஒரு தடவை வீட்டைப் பார்க்கவாவது கூட்டிட்டு வரேன். அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க."

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. ரெட்வர்ஸ் சட்டை மாற்றி, கணப்பில் நல்ல கட்டையாகப் போட்டு எரியவிட்டு, நடையில் நின்றார். அந்தப் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசல் அருகே வந்ததும் தெர்சா கையை உயர்த்தினார். "விடு," என்றார். சக்கரத்தைத் தானே பிடித்து உருட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு பக்கமும் எட்டெட்டு அங்குலம் இடம் இருந்தது. கூடத்தில் நாற்காலியைத் திருப்பினார். மறுபடி வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். கணப்பில் கட்டை வெடித்தது.

மூன்றாவது தடவை உள்ளே போனவர் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைக்கு முன்னால் நின்றார். ரெட்வர்ஸ் பின்னாலேயே போனார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அக்கா. அப்பா அந்தப் பேப்பரைச் சட்டம் போட்டு மாட்டினாரு. அன்னிக்குச் சந்தையில லஸ்கம் அப்பாகூட நின்னு, சரிசமமா, சத்தமாப் பேசினாரு. அதுக்கு முன்னாடி அவர் சத்தமாப் பேசி நான் பார்த்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

தெர்சா திரும்பவில்லை. அவருக்கும் அப்பாவைத் தெரியும். யாரிடமும் குரல் உயர்த்தாமல், தொப்பியைக் கழற்றிக் கழற்றி அதன் விளிம்பு கிழிந்துபோன அப்பாவை.

"அன்னிக்கு எனக்கு ரிப்பன் வாங்கிட்டு வந்தாரு," என்றார் கடைசியில், பலகையிடம் சொல்வதுபோல. "கேக்காமலே வாங்கிட்டு வந்தாரு. பச்சை ரிப்பன்."

பிறகு தெர்சா நாற்காலியைத் திருப்பி, கணப்பையும், கழுவாத தட்டுகளையும், திறந்து கிடந்த வாசலையும் வரிசையாகப் பார்த்தார். காத்திருந்த பெண்ணிடம் பேசினார்.

"வாசலைப் பார்த்தியா? முன்கதவிலருந்து காத்து நேரா என் கழுத்துக்கு வருது. ஒரு கம்பளி மறைப்பு போடணும். இவன் போட்டான்னா ஒரு பக்கம் தூக்கியும் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டும் நிக்கும். நான் இருந்து பார்த்தாத்தான் ஆகும். எங்க அந்தக் காகிதம்?"

பெண் காகிதத்தை நீட்டினாள். தெர்சா முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக. போட்டு முடித்து நிமிர்ந்தார்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கிற? என் பை வண்டியிலயே இருக்கு."

ரெட்வர்ஸ் ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அதை ஓட்டம் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஆம்புலன்ஸ்காரர் வழிவிட்டு ஒதுங்கவேண்டியிருந்தது.